வெடி என்று எழுதியவர்

நிலம் நடுங்காத நாட்டில் நிலநடுக்க விஞ்ஞானி. ஈப்போவின் மற்ற குருக்கள் ஸ்டானிஸ்லாஸ் அடிகளாரை அப்படித்தான் கேலி செய்வார்கள். "என்னா ஃபாதர், இன்னைக்கும் வேலை இல்லையா?" அவரும் சிரித்துவிடுவார்.

பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் மகன். இயேசு சபையில் சேர்ந்தார். சபை மணிலாவுக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. திரும்பி வந்து, ஈப்போவுக்கு வெளியே சுண்ணாம்பு மலையடியில், மூடிப்போன தோட்டத்துச் சிற்றாலயத்தின் பின்னறையில் நில அதிர்வைப் பதியும் கருவியை வைத்தார். சுமத்ரா அசைந்தால் அதில் பதியும். அவர் பார்த்திருந்ததோ தலைக்கு மேல் நின்ற மலையை.

மலையின் மறுபக்கம் கல்குவாரி. தினமும் பன்னிரண்டரைக்கு வெடி வைப்பார்கள். அந்த நேரத்து அதிர்வு எதுவானாலும் 'வெடி' என்று எழுதிக் கழித்துவிடுவார். கழித்த பதிவை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. முப்பத்தொரு வருடம் இப்படி.

போன பிப்ரவரியில் கருவிக்கு பேட்டரி வாங்கப் போனார். கடை பூட்டியிருந்தது. குவாரி லாரி ஓட்டும் சின்னையா எதிரே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சீனப் பெருநாள் லா ஃபாதர். குவாரியும் அஞ்சு நாளா பூட்டு."

அடிகளாரின் சுவரில் தொங்கியது திருச்சபை நாட்காட்டி. அதில் புனிதர்கள் உண்டு, சீனப் பெருநாள் இல்லை; பெருநாளுக்குக் குவாரி பூட்டும் என்று அவருக்குத் தோன்றியதேயில்லை. அந்த ஐந்து நாளில் மூன்று நாள் அவர் 'வெடி' என்று எழுதியிருந்தார். வெயில் உச்சிக்கு ஏறும்போது பாறை தானாகவே விரிசல் விட்டுக்கொண்டிருந்தது.

மலையடியில் தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வரிசை வீடுகளில் இன்னும் பதினான்கு குடும்பங்கள்.

மாவட்ட அலுவலகத்தில் பொறியாளர் ரதீசன் கோப்பை அவர் பக்கம் திருப்பினார். "மலை அசையேல்லை எண்டு வருசா வருசம் எழுதித் தந்தது நீங்கள்தானே, ஃபாதர். உங்கட கையெழுத்து."

"பிழை என்னுடையது."

"சரி. பழைய பதிவைக் கொண்டு வாங்கோ."

"இல்லை."

"மூண்டு நாள் பதிவை வச்சுப் பதினாலு குடும்பத்தை வெளியேத்தேலாது."

அங்கிருந்து நேராக லயத்துக்குப் போனார். மலையோரத்து வீட்டு வாசலில் தினேஸ்வரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் வெளியேறணும்மா. மலை நிக்காது."

அவள் கையிலிருந்த சட்டையை உதறினாள். "பத்து வருசத்துக்கு முந்தி இந்தச் சொவரு வெடிச்சப்ப கெளம்பத்தான் பார்த்தோம். நீங்கதானே வந்து, குவாரி வெடிதான், பயப்படாதீங்கன்னீங்க? அப்ப கவர்மெண்டு குடுத்த மலிவு வீட்டையும் வேணாம்னுட்டோம்."

"தப்பாச் சொல்லிட்டேன்."

"இப்ப சொல்றது மட்டும் சரியா இருக்குமா?" கோபமாகக் கேட்கவில்லை. "சரியாவே இருக்கட்டும். எங்க போறது, ஃபாதர்?"

அடிகளார் மலையை அண்ணாந்து பார்த்தார்.

"வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க."

உள்ளே இரண்டு பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. அவர்களுக்கும் மலைப்பக்கச் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் அவர் உட்கார்ந்தார்.