புளித்த குழி

கங்காணி மண்வெட்டிப் பிடியால் அடித்ததும் அம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. அடுத்த அடி தோளில் விழுந்தது. அவருடைய மனைவி அம்மாவின் கொண்டையைப் பிடித்து லயத்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போனாள். தடுக்கப் போன என் வாயில் யாரோ முழங்கையால் இடித்ததில் ஒரு பல் போனது. எங்கள் சட்டி பானையெல்லாம் தேயிலைக்குள் பறந்தன. பொழுது சாய்வதற்குள் லயத்தை விட்டுப் போய்விட வேண்டுமாம். அம்மா செய்வினை வைத்துச் சாணிக் குழியைக் கெடுத்துவிட்டாளாம்.

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில்தான் அம்மாவுக்கு வேலை. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு திட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பொதுவாக அந்தக் குழியைக் கட்டித் தந்தார்கள். சாணியைக் கிருமிகள் தின்று காஸ் ஆக்கும், அது குழாய் வழியாக வந்து அடுப்பில் எரியும். சாணி பெரும்பாலும் எங்கள் மாடுகளுடையதுதான். ஆனால் அந்தக் குளிரில் கிருமிகள் மந்தம், ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கவே அடுப்பு அழுதது.

திட்டத்து உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்து இளைஞர். அவர் சில கேன்களில் கிளிசரின் கொண்டுவந்தார். ஹோட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து பயோடீசல் காய்ச்சும் பட்டறையின் கழிவு, கித்துள் பனையின் பாணிபோலக் கறுப்பாக இருந்தது. கிருமிகளுக்கு அது விருந்து என்றார்.

"ஒரு நாளைக்கு ஒரு போத்தல்தான் விட வேணும். கூட விட்டால் குழி புளிச்சுப் போயிடும்" என்று கங்காணியிடம் படித்துப் படித்துச் சொல்லி, கேன்களை அவர் பொறுப்பில் விட்டுப் போனார்.

சில நாளிலேயே அடுப்பில் நீல நெருப்பு சீறியது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கண்பட்டுவிடக் கூடாதென்று வெள்ளிக்கிழமைகளில் எலுமிச்சம்பழம் வெட்டி, குங்குமம் தடவிக் குழியோரம் வைத்தாள். அது அவளுக்கே வினையாக வந்து முடிந்தது. கங்காணி மகளின் சடங்குக்கு முதல் நாள் குழி நுரைநுரையாகக் கக்கியது, எல்லா அடுப்பும் அணைந்தன. அந்த எலுமிச்சம்பழத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டியவர் கங்காணிதான்.

நாங்கள் மாட்டுப் பட்டியில் தங்கினோம். அந்தக் கை இனிக் கொழுந்து பறிக்க வருமா என்பது சந்தேகம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வேலை இல்லாவிட்டால் லயத்தில் வீடும் இல்லை. அம்மா அழவில்லை, நான்தான் அழுதேன்.

செய்தி கேட்டு உத்தியோகத்தர் ஓடிவந்தார். குழிக்குள் ஒரு நீலத் தாளை நனைத்து எடுத்தார், புளிப்பு ஏறிச் சிவந்துபோயிருந்தது. கேன்கள் எங்கே என்று கேட்டார். கங்காணி மழுப்பினார். அவர் வீட்டுப் பின்புறத்திலிருந்து பிள்ளைகள் உருட்டிக்கொண்டு வந்த கேன்கள் அத்தனையும் காலி. சடங்குச் சமையலுக்குப் பெரிய நெருப்பு வேண்டுமென்று எல்லாவற்றையும் ஒரேயடியாக ஊற்றியிருக்கிறார். கிருமிகள் தின்று தீர்க்க முடியாமல் குழி முழுக்கப் புளித்துவிட்டது. அம்மாவை அடிக்கும்போது அவருக்கு இது தெரியும். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு எல்லாரும் சேர்ந்து அவரை அடித்தார்கள். உத்தியோகத்தர் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. நானும் ஒரு கல்லெறிந்தேன். அது புருவத்தில் பட்டு ரத்தம் வழிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

எங்களை மறுபடி வீட்டில் ஏற்றினார்கள். உத்தியோகத்தர் சொன்னபடி புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றினார்கள், பிறகு வெறும் சாணி மட்டும் போட்டுப் பல வாரம் காத்திருந்தார்கள். எங்கள் மாட்டுச் சாணியைத்தான் கெஞ்சி வாங்கிப் போனார்கள். காஸ் திரும்பி வந்த அன்று, தாங்கள் செய்ததற்குப் பரிகாரமாக அம்மாதான் முதலில் பற்றவைக்க வேண்டும் என்று எல்லாரும் எங்கள் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். கங்காணியின் மனைவியே தீப்பெட்டியை நீட்டினாள்.

மாவுக்கட்டுப் போட்ட தன் வலது கையைப் பார்த்துவிட்டு, அம்மா அவளிடம் கேட்டாள்: "எந்தக் கையால உரசச் சொல்றீங்க?"