வாடைப் பக்கத்து ஜன்னல்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். அழாமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது பாம்பனில். அவருக்குப் பதினாறு வயதானபோது, கடலுக்குப் போன எங்களைப் பெற்ற அய்யாவின் வள்ளம் திரும்பவில்லை. அண்ணன் அடுத்தவர் வள்ளங்களில் ஏறிப் பன்னிரண்டு நாள் தேடினார். வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றவரிடம் அம்மா சொல்லிவிட்டார்: "நீ ஒழுங்காத் தேடலை." துக்கத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் அதன் பிறகு அண்ணன் கடலுக்குப் போகவே இல்லை. ஃபைபர் வள்ளங்களைப் பழுதுபார்க்கும் வேலையைக் கற்றுக்கொண்டு அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். அம்மாவை ஒரு சொல் எதிர்த்துப் பேசியதில்லை. அந்த வார்த்தையை மறக்கவும் இல்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓய்வு பெற்ற விமானி ஒருவர் நான்கு பேர் அமரும் பழைய குட்டி விமானம் ஒன்றை வாங்கி, ராமநாதபுரத்துக்கு வெளியே ஒரு கொட்டகையில் வைத்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். எஞ்சின் தேறிவிட்டது. ஆனால் கதவின் உட்புறத் தகடு, ஜன்னல் சட்டம், மேல்கூரை என்று உள்ளே பிளாஸ்டிக்கில் இருந்ததெல்லாம் மஞ்சளாகப் பழுத்து, ஸ்குரூவைத் தொட்டாலே அப்பளமாக நொறுங்கின. புதிது எங்கும் கிடைக்கவில்லை. உடைந்த துண்டுகளைச் சேர்த்து அச்சு எடுத்து ஃபைபரில் செய்து தர முடியுமா என்று அண்ணனைத் தேடி வந்தார். அண்ணன் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பறக்கையில என்னைய ஒருதரம் கடலுக்கு மேல கூட்டிட்டுப் போவீங்களா சார்?"

அவர் சரி என்றார். ஏன் என்று அண்ணன் என்னிடம் மட்டும்தான் சொன்னார். "அய்யா போன கடலை ஒருதரம் முழுசாப் பாக்கணும் தங்கச்சி."

முதல் தகட்டை வள்ளத்துக்குப் போடுவதுபோலக் கனமாகப் போட்டுவிட்டார். அங்கிருந்த இன்ஜினியர் தம்பி அதைத் தராசில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். "அண்ணே, இது மிதக்க வேணாம். பறக்கணும்." அண்ணனும் சிரித்தார். பிறகு மெல்லிய ஃபைபர் துணியில், எளிதில் தீப்பிடிக்காத ரெசின் பசை தேடி வாங்கி, ஒரு துண்டை நெருப்பில் காட்டிச் சோதித்து, ஒவ்வொன்றாகச் செய்தார். தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுத்தது நான். இருமல் தொடங்கியதும் அப்போதுதான். "டாக்டர்ட்ட போவோம்ணே" என்றால், "இந்த ஜன்னலு முடியட்டும்" என்பார். நான் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்க வேண்டும். செய்யவில்லை. நோய் நுரையீரலில் முற்றியிருந்தது. கடைசி ஜன்னல் சட்டத்தைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கண்ணை மூடினார்.

காரியம் முடிந்த மறுவாரம் இன்ஜினியர் தம்பி போன் செய்தார். "அக்கா, அண்ணன் செஞ்ச எல்லாத்துக்குப் பின்னாடியும் வாடை, சோழகம்னு எழுதியிருக்கு. எது எந்தப் பக்கம்னு தெரியாம துளை போடப் பயமா இருக்கு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வள்ளக்காரப் புத்தி. இடது, வலது என்று எழுதாமல் காற்றின் பேரை எழுதிவைத்திருக்கிறார். அதற்குள் விமானத்தை வேறு திசையில் திருப்பி நிறுத்திவிட்டார்கள். அண்ணன் அளவெடுத்தபோது அதன் மூக்கு கிழக்கே பார்த்திருந்ததை நான் போய்ச் சொன்னேன். வடக்கேயிருந்து அடிக்கும் வாடை இடது பக்கம், தெற்கேயிருந்து வரும் சோழகம் வலது பக்கம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. அந்த எழுத்தை அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அண்ணனை மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தொழிலுக்குப் போகாமல் வந்து எங்களோடு நின்ற வள்ளக்காரர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட தெருப் பெண்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். விமானி ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. சொன்ன சொல்லை அவர் மறக்கவில்லை. அனுமதிகள் எல்லாம் கிடைத்து, போன மாதம் மதுரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த விமானம் அங்கிருந்து கிளம்பிய அன்று, அண்ணனுக்காக வைத்திருந்த இடத்தில் என்னை உட்காரச் சொன்னார். எனக்கு முன்னால் அம்மா எழுந்தார். அய்யா போனதிலிருந்து கடற்கரைப் பக்கமே திரும்பாதவர்.

"அவனுக்காக நான் போறேன்" என்றார்.

வாடைப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்து போனார். திரும்பி வந்து இறங்கியவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"இம்புட்டுக் கடலு. இதுலயா எம்புள்ளைய ஒழுங்காத் தேடலைன்னு சொன்னேன்?"