வெளிச்சத்தில் நின்ற மாரீஸ்வரி

முப்பது வருஷமாக மேடையில் பொய் இடி, பொய் மழை வரவழைப்பவன் நான். எது வித்தை, எது இல்லை என்று எனக்குத் தெரியும். போன தை மாதம் கம்பம் ஊரில் நடந்தது வித்தையில்லை. என் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது.

கரகம், ஒயில், தேவராட்டம் எல்லாவற்றையும் கோத்து இரண்டு மணி நேர நிகழ்ச்சியாக மேடையேற்றுவது என் தொழில். உடை, லைட், ஆட்டம் மூன்றும் நானே அமைப்பேன். பதினாறு வருஷம் என் குழுவில் முதல் கரகம் ஆடியது தேவாரம் ஊர் மாரீஸ்வரிதான். ஐப்பசியில் அவளுக்கு முழங்கால் வீங்கியது. இனி ஆட வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். மேடையை விட்டு இறங்கிப் போனாள். மன்னிப்புக் கேட்கத் தினமும் நினைத்தேன். போன் பண்ணவில்லை.

அன்று கல்யாண மண்டபத்தில் ஒத்திகை. சாயங்காலம் 4:50. எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நான் கீழே நின்று லைட்டைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மேடை நடுவில் ஆள் நின்றால்தான் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று தெரியும்.

"நான் நிக்கவாண்ணே?"

மேடை ஓரத்தில் மாரீஸ்வரி. தலையில் கரகம். கேட்க வேண்டிய மன்னிப்பு வாய்க்குள்ளேயே நின்றது. வேறு ஒன்றைக் கேட்டேன்.

"முழங்கால் எப்படி இருக்கு தாயி?"

"இப்ப வலியே இல்லண்ணே."

ஆட ஆரம்பித்தாள். அதே பழைய ஆட்டம். துளி பிசகவில்லை. ஆனால்... ஏதோ சேரவில்லை.

சலங்கை.

கால் தரையில் பட்ட பிறகுதான் சத்தம் வந்தது. முதலில் கண்ணிமைக்கும் நேரம் பிந்தி. அப்புறம் இன்னும் பிந்தி... காலி மண்டபம், எதிரொலி என்று நினைத்தேன்.

5:04. ஆட்டத்தை முடித்துக் கும்பிட்டாள். மேடையின் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனாள்.

மேடை காலி.

ஜல்... ஜல்... ஜல்...

சத்தம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

வெளிச்சத்துக்கு நடுவில்.

சுற்றியது... குனிந்தது... நிமிர்ந்தது...

5:09. நின்றது.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். வெளிப்பக்கம் பூட்டியிருந்தது.

அவள் புருஷன் பொன்னுராஜுக்குப் போன் போட்டேன். மாரி எங்கே என்று கேட்டேன். மஞ்சள் காமாலையாம். இறந்து பதினெட்டு நாளாம். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை.

"ஆஸ்பத்திரியில வச்சு, அண்ணனுக்குத் தகவல் சொல்லவான்னு கேட்டேன். வேணாம்னுட்டா. 'அவுக வேலையா இருப்பாக, நானே ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்துர்றேன்'னா. அதுக்குப் பெறகு அவ பேசவே இல்லண்ணே."