முகமூடிக்காரனுக்கு எடது காலு நொண்டி

பெரியவனே! அம்மா உன்ன அப்பிடித்தான் கூப்புடும். ஊருல நொண்டின்னு கூப்புட்டாங்க. எனக்கு நீ அண்ணன். அந்தப் படத்தப் பாத்துட்டேன்டா அண்ணா. நல்லாவே இல்ல. நீ பாக்காம போனதே நல்லதுன்னு வாயில வருது, ஆனா அத எப்பிடி நான் சொல்லுவேன்.

மத்தவங்களுக்கு மொதல்ல இருந்து சொல்றேன். எங்க ஊரு நகரிக்கும் புத்தூருக்கும் நடுவுல கீது. நான் ரெண்டாவது வரைக்கும் தமிழ் படிச்சேன். அப்புறம் ஸ்கூலுக்கு தெலுங்கு வாத்தியாரு வந்தாரு, நான் மாடு ஓட்டப் போயிட்டேன். எங்கண்ணனுக்கு சின்ன வயசுல ஜொரம் வந்து எடது காலு சூம்பிப் போச்சி. ஏரு ஓட்ட முடியாது, மரம் ஏற முடியாது. அதனால நைனா அவன ஸ்கூல்லயே உட்டுடுச்சி. தெலுங்கு தண்ணி மாதிரி படிப்பான்.

வாரா வாரம் புத்தூர் டேசன்ல ஒரு தெலுங்கு பத்திரிகை வாங்கிக்கினு வருவான். அதுல படம் போட்டு முகமூடிக்காரன் கதை வரும். சும்மா இருக்கறப்ப அவன் சாதா ஆளு. எவனாவது கஷ்டத்துல கத்தினா போதும், எத்தினி மலைக்கு அந்தாண்ட இருந்தாலும் அவன் காதுல உழுந்துடும். முகமூடிய மாட்டிக்கினு ஒரே தாவு. ஓடற ரயில கையால நிறுத்துவான். அண்ணன் கண்ணு தெலுங்கு படிக்கும், வாயி தமிழ்ல சொல்லும். மாந்தோப்பு காவலுக்குப் போறப்ப நானும் பக்கத்துத் தோப்பு ஆளுங்களும் அவனச் சுத்தி குந்திக்கினு கேப்போம்.

அந்த முகமூடிக்காரனுக்கு எடது காலு நொண்டி. அதுதான் எங்க எல்லாருக்கும் புடிச்சது. இழுத்து இழுத்து நடப்பான், ஊரே சிரிக்கும். ஆனா தாவும்போது அந்தக் காலத்தான் ஊனித் தாவுவான். ஏழு மலைக்கு ஏழு தாவு. அப்போ எங்க ஊரு ஆந்திராவா மெட்ராசான்னு பெரிய சண்ட நடந்துக்கினு இருந்திச்சி. அண்ணன் அதையும் கதையில சேத்துக்குவான். "கோடு போடறவங்க வந்தாங்க. முகமூடிக்காரன் இந்தப் பக்கம் குந்தி சோறு துன்னான், அந்தப் பக்கம் தாவி கை கழுவுனான். இப்ப எழுதுங்கய்யா, நான் எந்த ராஜ்ஜியம்னான்." நாங்க உழுந்து உழுந்து சிரிப்போம்.

ஒருவாட்டி பத்திரிகையப் புடுங்கிப் பாத்தேன். "இன்னாண்ணா, படத்துல நொண்டியாவே தெரியலையே?"

"தாவறப்ப நொண்டி தெரியுமாடா, மாட்டுப் பையா? ரெண்டு காலும் மேல தானே கீது."

"அப்ப இந்தக் கெட்டவன் எதுக்கு கோலு வெச்சிக்கினு கீறான்?"

"அடிக்கறதுக்கு. உனுக்கும் ஒண்ணு வேணுமா?"

அந்தக் கதை சினிமாவா வருதுன்னு தெரிஞ்சதும், "திருப்பதிக்கு வரட்டும், ரெண்டு பேரும் போலாம்"னான். படம் வர்றதுக்குள்ள அவனுக்குக் காமால வந்திச்சி. போயிட்டான். நைனா அதுக்கு முன்னயே போயிட்டதால நான்தான் கொள்ளி வெச்சேன். நான்தான் மொட்ட அடிச்சிக்கினேன்.

துக்க ஊட்டுக்காரங்க சினிமா பாக்கக் கூடாது. வருசம் திரும்பற வரைக்கும் திருப்பதி மலையும் ஏறக் கூடாது. தெரியும் எனக்கு. ஆனா மாங்கா லோடோட திருப்பதி போனப்ப சுவத்துல முகமூடி ஒட்டியிருந்திச்சி. உள்ள போனா ஒருத்தன் எங்கண்ணன் மாதிரி இழுத்து இழுத்து நடந்து வருவான். அந்த நடய இன்னொருவாட்டி பாக்கணும், வேற ஒண்ணும் வேணாம்னு மேட்னிக்குப் போயிட்டேன்.

எங்க ஊருல கொள்ளி வெச்ச மொட்டயோட சினிமாக் கொட்டாய்க்குப் போனா செருப்பாலயே அடிப்பாங்க. திருப்பதியில யாருக்குத் தெரியும்? அங்க பாதி பேரு மொட்ட. மொட்டத் தலயத் தெலுங்குல குண்டுன்னுவாங்க. டிக்கெட் கிழிக்கறவரு, "இன்னா குண்டு, தரிசனம் நல்லா ஆச்சா?"ன்னாரு. தலய ஆட்டினேன். பக்கத்துல குந்தியிருந்த ஒரு அம்மா "கோவிந்தா"ன்னு என் மொட்டயத் தொட்டு கண்ணுல ஒத்திக்கிச்சி.

படமா எடுத்திருக்கான்? முகமூடிக்காரன் ராஜா மவனாம்! யாரு கேட்டா? பட்டுத் துணி, முத்து மாலை. நடிக்கறவன் மூஞ்சி தெரியணுமாம், கண்ணு மேல ஒரு நாடாவக் கட்டி உட்டிருக்கான். அது முகமூடியா? எங்க மாட்டுக்குப் போடற வாய்க்கூடு அதவிட பெருசு. பறந்தா கயிறு தெரியுது. ரயிலு இல்ல, அதுக்கு பதிலா ஒரு அட்டத் தேரு. பூந்தோட்டத்துல ராஜகுமாரியோட ஆடறான், ரெண்டு காலாலயும்! ரெண்டும் நல்ல காலு! சரி, பின்னாடி அடிபட்டு நொண்டி ஆவான் போலன்னு இன்டர்வெல் வரைக்கும் பொறுத்தேன்.

இன்டர்வெல் உட்டு கெட்டவன் வந்தான். கோலு ஊனிக்கினு, எடது கால இழுத்து இழுத்து. அச்சு அசல் எங்கண்ணன் நட. தோளு சாயறது கூட. கொட்டாயே சிரிச்சிச்சி. என் மொட்டயத் தொட்ட அம்மாவும் சிரிச்சிச்சி.

எழுந்து நின்னுட்டேன். "யோவ், நிறுத்துங்கய்யா! கால மாத்தி வெச்சிட்டீங்க! அது அவன் காலு இல்ல!"

"உக்காரு குண்டு! உன் மண்ட பளபளப்புல திரையே தெரியல!"ன்னு பின்னாடி ஒருத்தன். மறுபடியும் சிரிப்பு.

வெளிய வந்து சோடாக் கடையில கத்திக்கினு இருந்தேன். கண்ணாடி போட்ட காலேஜ் பையன் ஒருத்தன், "ஏம்ப்பா, நீ கதைய படிச்சியா?"ன்னான்.

"எங்கண்ணன் படிச்சான்."

"நான் மொத வாரத்துல இருந்து படிக்கறேன். கதையிலயும் நொண்டி அந்தக் கெட்டவன்தான். முகமூடிக்காரன் காலுக்கு ஒண்ணுமே இல்ல. படத்துல அத ஒண்ணத்தான் உருப்படியா எடுத்திருக்கான்."

அவன் சட்டையப் புடிக்கப் போனேன். அப்பத்தான் பத்திரிகையில பாத்த அந்தக் கோலு நெனப்பு வந்திச்சி. அடிக்கறதுக்குன்னானே அண்ணன். கை தானா கீழ வந்திச்சி.

வாரா வாரம் எங்கண்ணன் அத தனியா படிச்சிருக்கான். நொண்டி திருடினான், நொண்டி கொல பண்ணான்னு. படிச்சிட்டு எங்க நடுவுல வந்து குந்தி, கெட்டவன் கிட்ட இருந்து அந்தக் காலப் புடுங்கி நல்லவனுக்கு மாட்டியிருக்கான். ஒரு வாரம் கூட வாயி தவறல.

அண்ணன் மேல எனக்குத் துளி கோவம் இல்ல. எழுதினவன் மேல கீது, எடுத்தவன் மேல கீது, சிரிச்சவங்க மேல கீது. நொண்டின்னா கெட்டவன்னு எவன் சொன்னது? எங்க ஊருல திருடினவனுக்கெல்லாம் ரெண்டு காலும் நல்லாத்தான் கீது. இந்தக் கதைய சினிமா எடுக்கறவன் எங்க மாந்தோப்புக்கு வந்து கேட்டுட்டு எடுத்திருக்கணும். சரியான கதை அங்கதான் இருந்திச்சி.

கோவம் ஆறாம, மலைப்படி ஆரம்பிக்கற அலிபிரி வரைக்கும் நடந்துட்டேன். நைனா இருக்கறப்ப ஒருவாட்டி குடும்பமா அங்க வந்தோம். நாங்க ஏறினோம், அண்ணன் கீழயே செருப்புக்கும் மூட்டைக்கும் காவலா குந்தியிருந்தான். ஏழு தாவுன்னு சொன்னவன், ஒரு படி கூட ஏறல. இப்ப நானும் ஏறக் கூடாது. ஒரு கிழவரு, "மொட்டயெல்லாம் ஆச்சே, இன்னும் இன்னா கீழ நின்னுக்கினு கீற?"ன்னாரு. திரும்பி நடந்துட்டேன்.

அதனால உங்களக் கேக்கறேன். இந்த வருசம் மலைக்குப் போறவங்க மொத படியில எடது கால வெச்சி ஏறுங்க, சாமி கோச்சிக்காது. போகாதவங்க ஊட்டுல இருந்தே கையெடுங்க. எங்கண்ணன் போயிருக்கற எடத்துல அவன் நடயப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாதுன்னு அவனுக்காக எல்லாரும் வேண்டிக்குங்க.