முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள்

நீல நிற பிஸ்கட் டப்பா அது. மூடியில் இரண்டு குதிரைகள். ஒன்றுக்குத் தலை தேய்ந்துபோயிருந்தது. உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுச் சீட்டுகள். நான்தான் எண்ணினேன், இரண்டு முறை. என் மனைவியின் அண்ணன் முப்பத்தொரு வருடம் கப்பல்களில் சமையல்காரராக இருந்தபோது சேர்த்தவை.

சீட்டுக்கு ஒரு சொல். எழுத்து மாறாமல் அதே சொல் பல மொழிகளில் இருக்கும். பொருளும் பிறப்பும் வேறாக இருக்கும். எஸ், ஏ, எல், இ என்று எழுதினால் ஆங்கிலத்தில் விற்பனை, பிரெஞ்சில் அழுக்கு, இத்தாலியில் உப்பு. மரக்காணம் உப்பளத்தில் மேற்பார்வை பார்த்துவந்த எனக்கு அந்தச் சீட்டைத்தான் முதலில் காட்டினார். "மூணுக்கும் ஒரே மூஞ்சி மாப்பிள்ள. ஆனா பெத்தவங்க வேற வேற" என்று சிரித்தார். என் மனைவி விடவில்லை. "ஊர்ல அவனவன் கப்பல்லேர்ந்து சென்ட்டு, ரேடியோன்னு எடுத்துட்டு வர்றான். எங்க அண்ணன் பேப்பர் கொண்டாந்திருக்குது."

கண்ணழுத்தம் வந்து அவருக்குப் பார்வை போனது. அதன்பின் தினமும் மாலை நான்கு மணிக்கு நான் பத்துச் சீட்டுகள் படிப்பேன். அவர் திருத்தம் சொல்வார், நான் அந்தச் சீட்டிலேயே எழுதிக்கொள்வேன். எல்லாம் ஒரு சிறு புத்தகமாக வரவேண்டும், அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போகவேண்டும், அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தள்ளிப்போட்டேன்.

அந்த ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்தது. எங்கள் வீட்டுக் கூரை அதற்கு முன் இரண்டு முறை பறந்திருக்கிறது. ஆனால் உப்பு அம்பாரத்தின் மேல் நாங்கள் வேயும் கீற்று என் காலத்தில் ஒருமுறைகூட நகர்ந்ததில்லை. டப்பாவை பாலிதீன் பையில் சுற்றி, அம்பாரத்தின் நடுவே புதைத்தேன். பதினேழு அம்பாரங்கள் இருந்தன. எண்ணிப் பார்த்து, இருப்பதில் பெரியதைத் தேர்ந்தெடுத்தேன். அது எட்டு நாள் முன்பு வாரிக் குவித்தது என்பதை மட்டும் எண்ணவில்லை. புது உப்பு வாரக்கணக்கில் கசப்புநீர் விடும். உப்பளத்தில் கூலிக்கு வரும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

புயலும் மழையும் ஓய்ந்து, பன்னிரண்டு நாள் கழித்துத் தோண்டினேன். அதுவரை நான்கு மணிப் படிப்பு நின்றிருந்தது. பைக்குள் இறங்கிய கசப்புநீரில் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. உள்ளே பழுப்பாய் ஒரே கட்டி. ஒரு எழுத்துகூட இல்லை.

அவரிடம் சொல்லவில்லை. நான்கு மணிக்கு வெற்றுத்தாளைப் பிடித்துக்கொண்டு நினைவிலிருந்து படித்தேன். எஃப், ஓ, யு, ஆர்: ஆங்கிலத்தில் நாலு, பிரெஞ்சில் அடுப்பு. எம், ஏ, ஐ, என்: ஆங்கிலத்தில் முக்கியமானது, பிரெஞ்சில் கை. ஆறு நாள் ஓடியது. ஏழாம் நாள், "மாப்பிள்ள, இத முந்தாநேத்தே படிச்சிட்டீங்களே" என்றார். வெற்றுத்தாளை மடித்தேன். "டப்பாவக் குடுங்க" என்றார்.

கொடுத்தேன். விரல்களால் கட்டியைத் தடவினார். பிறகு, குழம்பு ருசி பார்ப்பதுபோல் விரல்நுனியை நாக்கில் வைத்தார்.

"கசக்குது. புது அம்பாரமா?"

"ஆமாம் மச்சான்."

"அதுல போயி வச்சீங்களே."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் நான்கு மணிக்குப் போனபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அதன்பின் ஒரு சொல்லைப் பற்றியும் பேசவில்லை. அடுத்த தவக்காலத்தில் இறந்துபோனார்.

நினைவில் இருப்பதையாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வருடம் அறுபத்தொன்று தேறியது. அந்தத் தாளையும் எங்கோ வைத்துவிட்டேன். போன வருடம் நாற்பது. இப்போது எனக்கு எழுபத்தொன்பது வயது. இன்று காலை மறுபடி எழுதி எண்ணினேன். பத்தொன்பது. அதிலும் இரண்டுக்குப் பொருள் எழுதாமல் இடம் விட்டிருக்கிறேன்.