பதினொன்று மட்டும் தெரிந்த பந்தயம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் இந்த ஊரில் பட்டம் வாங்கியவர்கள்கூட நான் எழுதிய பலகையைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக்கு வழி கண்டுபிடிக்கிறார்கள். ஒரு பெயிண்ட் டப்பாவோடு தொடங்கி, இன்று ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் ஓடும் கடை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. நான் தலைகுனிந்தது என் மச்சானோடு ஏரிக்கரையில் நின்ற அன்றைக்குத்தான்.

மச்சான் என் மனைவியின் தம்பி. கடையில் அவன் பெயர் ஸ்கேல். டாக்டர் ஊசியோடு நிற்கும்போதுகூடச் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நிமிர்த்திவிட்டுத்தான் கையை நீட்டுவான். இரண்டு பக்கமும் எழுத்துள்ள தொங்கு பலகைகள் எல்லாம் அவன் பொறுப்பு. முன்பக்கத்து எழுத்தும் பின்பக்கத்து எழுத்தும் ஒரே மட்டத்தில், முதுகோடு முதுகு ஒட்டி நிற்க வேண்டும் என்பது எங்கள் கடைச் சட்டம். சட்டம் போட்டவன் நான், காப்பாற்றியவன் அவன். பலகையின் மூலையில் மட்டும் என் பெயர் இருக்கும்.

ஏரியில் ரிமோட் வைத்துப் பொம்மைப் பாய்ப்படகு விடுகிற சங்கம் ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற மருந்துக்கடைக்காரர் ஒருநாள் சுருட்டிய பாய்களோடு வந்தார். "எல்லாப் படகுக்கும் எண் ஒட்டணும். உங்க மச்சான்தான் ஒட்டணும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மச்சான் என் முகத்தைப் பார்த்தான்.

"அத்தான், இது மட்டும் என் வேலையா இருக்கட்டுமே."

"செய்யேன், யாரு வேணாம்னா?"

மாதிரிக்கு ஒரு பழைய பாயும் வந்திருந்தது. அதில் ஒரு பக்கத்து எண் மேலேயும் மறுபக்கத்து எண் கீழேயும் இருந்தன. மச்சான் அதைப் பார்த்து உச்சுக் கொட்டினான். "கத்துக்குட்டி வேலை" என்று நான் சிரித்தேன். அவன் சாப்பாட்டு மேசையில் சோப்புத் தண்ணீர் தெளித்து, எண்களை நகர்த்தி நகர்த்தி, எல்லாப் பாயிலும் இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக ஒட்டினான். முடி அளவு பிசகில்லை.

பந்தயக் காலையில் நான் சும்மா இருந்தேனா? "எங்க மச்சான் கைவேலை. அக்கரையிலிருந்தே படிக்கலாம்" என்று நின்றவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படகுகள் கரைக்கும் சூரியனுக்கும் நடுவில் போய்த் திரும்பின. பாய் எண்ணெய்த்தாள் போல மெல்லியது. வெளிச்சம் ஊடுருவியதும் முன்னால் ஒட்டிய இருபத்தேழின் மேல், பின்னால் ஒட்டிய இருபத்தேழு கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி விழுந்தது. எல்லா எண்ணும் கறுப்புக் கறுப்பாகக் குழம்பி நின்றன.

"முன்னால போறது யாரு?" மருந்துக்கடைக்காரர் மைக்கிலேயே கேட்டுவிட்டார். "அது எண்ணா, நண்டா?"

கரை முழுக்கச் சிரிப்பு. பதினொன்று வெறும் இரண்டு குச்சிதானே, அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அதன் சொந்தக்காரர் கையைத் தூக்கினார். "அப்போ நான் ஜெயிச்சேன்னு எழுதிக்குங்க!" அவர் படகு கடைசியில் வந்துகொண்டிருந்தது.

பந்தயத்தை நிறுத்தினார்கள். என் மனைவி என் பக்கம் திரும்பாமலே, "நீங்க வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்றாள்.

மச்சான் படகுக் கொட்டகைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றிருந்தான்.

"நீங்க போங்க அத்தான். கடைப் பேரு கெட வேணாம். நான் தனியாச் செஞ்ச வேலைன்னு சொல்லிடுங்க." "பழைய பாய்ல சரியா இருந்ததைப் போய் நான் சரி பண்ணியிருக்கேன். எனக்குன்னு வந்த ஒரே வேலை."

அந்த 'ஒரே' என் கன்னத்தில் அறைந்தது. அவன் ஒட்டிய பலகைகளை வைத்து நான் மார்தட்டிய மார்தட்டல் எல்லாம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வர வேண்டுமா?

"கத்துக்குட்டின்னு சிரிச்சது நான்தானேடா" என்றேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரைக்கு நடந்தான். நான் பின்னால் போனேன்.

"மத்தியானத்துக்குள்ள ஒரு பக்கத்து எண்ணை உரிச்சு மேலே ஏத்திடறேன் சார்" என்றான் மருந்துக்கடைக்காரரிடம்.

"மறுபடியும் இவரா? பாய் கிழிஞ்சா?" என்றார் இருபத்தேழுக்காரர். யாரும் பாயைக் கழற்றவில்லை. மச்சான் தரையைப் பார்த்தபடி நின்றான். கடைசியில் பதினொன்றுக்காரர் தன் பாயைக் கழற்றி நீட்டினார். "முதல்ல இதுல உரிங்க. எப்படியும் நான் தோக்கப்போறவன்தான்."

பாயைக் கொட்டகை ஜன்னல் கண்ணாடியில் சுருக்கமில்லாமல் விரித்துப் பிடிக்க ஆள் வேண்டும். நான் பிடித்தேன். மச்சான் வாயால் ஊதிச் சூடேற்றி நக நுனியால் ஓரத்தைக் கிளப்பினான்.

"ஆடாதீங்க அத்தான்."

ஆடவில்லை. கிழியவும் இல்லை. பிறகு ஒவ்வொரு பாயாக வந்தது. பழைய இடத்தில் மட்டும் பசை மங்கலாக நின்றுவிட்டது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை.

மத்தியானம் பந்தயம் நடந்தது. மருந்துக்கடைக்காரர் தடுமாறாமல் எண்களை வாசித்தார். யாரும் எங்களைப் பாராட்டவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. கிளம்பும்போது இருபத்தேழுக்காரர் படகைத் துடைத்துக்கொண்டே, "பலமான காத்துக்குன்னு சின்னப் பாய் ஒண்ணு வீட்ல இருக்கு. எண் ஒட்டணும்" என்றார்.

என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அவன்கிட்டக் கேளுங்க" என்றேன்.

மச்சான் தலையை நிமிர்த்தவில்லை. "கொண்டு வாங்க சார்" என்றான்.