போசிக்குள் வந்த அகராதி

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது எட்டு. வளர்த்தது பதினொன்று — கொழுந்தனார் பிள்ளைகள் மூவரும் என் கையில்தான் சோறு தின்று வளர்ந்தார்கள். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். வாராவாரம் இந்தப் பத்திரிகையில் சொல்வது நான். எழுதுவது பேத்தி ராமாயி.

அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்கு இந்த மாதம் ஓர் அகராதி வந்து சேர்ந்தது. எதில் வந்தது தெரியுமா? மூடி போட்ட சோற்றுப் போசியில்!

எங்கள் தெருக்கோடியில் ஸ்கூல் வாத்தியார் ஒருவர் குடியிருக்கிறார். சேலத்து அம்மாபேட்டைக்காரர். அவருக்கு முறைக்காய்ச்சல். யுத்த காலத்து ரேஷன் அரிசி எத்தனை நாளைக்குத்தான் வரும்? அவர் சம்சாரம் சௌந்தரம் கைப்பிள்ளையோடு திண்டாடுகிறாள் என்று கேள்விப்பட்டேன். அரிசிம்பருப்புஞ் சோறு ஆக்கி, போசி நிறையக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போசி திரும்பவில்லை. அமாவாசை போய்ப் பௌர்ணமியும் வந்துவிட்டது. என் மருமகள் பாவாயிக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்க அத்தை, உங்க போசி காவேரியில போயிருச்சுங்களா?"

"வரும், பேசாம இரு."

"குட்டி போட்டுக் கூட்டிக்கிட்டு வருமாட்ட இருக்குதுங்!"

நானே போனேன். என்னைக் கண்டதும் சௌந்தரத்தின் முகம் சுண்டிவிட்டது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. வெறும் போசியக் குடுக்க மனசு வரலீங்க."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. ஒரு பிடி அரிசி, ஓர் அச்சு வெல்லம்... ஏதாவது போட்டுத்தான் கொடுப்போம். வெறும் பாத்திரம் வந்தால், 'இனி உன் உறவு வேண்டாம்' என்று சொன்ன மாதிரி.

"அட, நாலு கொத்து முருங்கைக்கீரையப் போட்டுக் குடுத்தாப் போவுது அம்மிணி!"

"அதும் உங்க ஊட்டு மரத்துதானுங்களே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு அழுகை வந்தது. உள்ளே போனவள் வெகுநேரம் கழித்துப் போசியோடு வந்தாள். கனத்தது. "ஊட்டுக்குப் போய்த் தொறந்து பாருங்க" என்றாள்.

திறந்தால்... தலையணை மாதிரி ஓர் அகராதி!

பாவாயி எட்டிப் பார்த்தாள். "இத எப்படிங்க வேக வெக்கறது?"

ராமாயிதான் பதறினாள். "அப்பத்தா, சார் இத வெச்சுத்தான் வித்துவான் பரீட்சைக்குப் படிக்கிறாரு! பாஸ் பண்ணினாத்தான் ஹைஸ்கூல்ல வேலை கிடைக்குமாம்!"

இது என்ன வம்பு? வைத்துக்கொண்டால் அவர் பரீட்சை போச்சு. திருப்பிக் கொடுத்தால் அவள் மானம் போச்சு. போசியில் போட்டுக் கொடுத்ததைத் திருப்புவதற்குப் பதிலாக, மூஞ்சிக்கு நேரே 'நீ கொடுத்தது வேண்டாம்' என்று சொல்லிவிடலாம்.

யோசனை வருகிற வரைக்கும் சும்மா இருப்பானேன்? புத்தகத்தைப் படிக்கச் சொன்னேன். அதிலும் பாத்திரம் பண்டமாகத் தேடச் சொன்னேன் — நான் ஐம்பது வருஷம் கழுவிக் கவிழ்த்த சங்கதி அல்லவா?

'குதிர்: நெல் பெய்து வைக்கும் கூடு.' பேஷ்!

'தாழி: வாயகன்ற பெருஞ்சட்டி.' சரி.

'செப்பு: சிமிழ்.' அப்படியானால் சிமிழ்? 'சிமிழ்: செப்பு.' சந்தை எங்கே என்றால் கோயிலுக்குப் பக்கம். கோயில் எங்கே என்றால் சந்தைக்குப் பக்கம்!

'சாடி: ஊறுகாய் இடும் பாண்டம்.' 'குடம்: நீர் முகக்கும் கலம்.' விளக்கு வைக்கிற நேரம் வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். அலுக்கவே இல்லை.

ஆனால் ஒன்று... எந்தப் பாத்திரத்தில் என்ன போகும் என்று எழுதியிருக்கிறார்கள். திரும்பி வரும்போது என்ன வரும் என்று ஒரு வரி உண்டா? கிடையாது. எழுதினவர்கள் எல்லாம் ஆம்பிளைகளோ?

அங்கேதான் எனக்கு யோசனை வந்தது. மறுநாள் போசியில் சோறும் கொள்ளு ரசமும் எடுத்துக்கொண்டேன். அக்குளில் அகராதி. புத்தகத்தைப் பார்த்ததும் சௌந்தரம் வாசலை மறித்தாள்.

"அதத் திருப்பாதீங்கம்மா... உங்க காலுல உழுகறேன்."

"திருப்பறேன்னு ஆரு சொன்னது? புஸ்தகம் எனக்குக் குடுத்தது, எனக்கேதான். எங்கூட்டுல கரையான் சாஸ்தி, அதனால இங்க இருக்கட்டும். எனக்கு ஒரு வார்த்தைக்கு அர்த்தம் வேணும்னா சோத்தோட கேட்டு உடுவேன். வாத்தியாரு பார்த்து, துண்டுக் காயிதத்துல எழுதி, அதே போசியில போட்டு அனுப்போணும். சும்மா உட்டுருவனா!"

கட்டிலில் இருந்து வாத்தியார் குரல் மெலிசாய் வந்தது: "தெனம் ஒரு வார்த்தை போதுமுங்களா?"

"பெரிய வார்த்தையாக் கேட்டா நெய்யும் சேர்ந்து வருமுங்க!"

சௌந்தரம் வழியை விட்டாள். அன்று முதல் போசி போவதும் வருவதுமாக இருக்கிறது. சோறு போகிறது, சொல் வருகிறது. யாருக்கும் தலை குனிவில்லை.

பாவாயி சும்மா இருப்பாளா? நேற்று எனக்குத் தெரியாமல், 'மாமியார்' என்ற வார்த்தைக்கு அர்த்தம் கேட்டு அனுப்பிவிட்டாள்!

சாயங்காலம் போசி வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, மெல்ல நடந்து, வாத்தியாரே வந்திருந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது. பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

"இதுக்கு மட்டும் எழுதிக் குடுக்கப் பயமா இருக்குதுங்கம்மா" என்றார்.

ராமாயி, இது வரைக்கும் எழுதினதைப் படி சாமி... சமையல்கட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படி.